பெட்டியில் எழுதியது எம்பரர், உள்ளே இருந்தது யார்? ஒரு கருந்தேளுக்கு இனம் கண்ட பதிவு

மேற்படிப்புக்கு வெளிநாடு கிளம்பிய தம்பி ஒருவன், வளர்த்த தேளைக் கூடவே கொண்டுபோக வழியில்லாமல் என்னிடம் விட்டுப் போனான். பெட்டி மூடியில் ‘எம்பரர்’ என்று மார்க்கரால் எழுதியிருந்தது. “அசல் ஆப்பிரிக்கா சரக்குண்ணே, பத்திரமா பாத்துக்கோங்க” என்றான். எங்கே வாங்கினாய் என்று கேட்டால், இணையத்தில் யாரோ ஒருவரிடம். காகிதம் ஏதும் கொடுத்தாரா என்று கேட்டதற்குச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எம்பரர் தேள், அதாவது பாண்டினஸ் இம்பரேட்டர், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. கானா, டோகோ, பெனின், நைஜீரியா பக்கம். 1995 முதல் அது, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு கட்டாயம். நான் இருக்கும் மலேசியாவில் அவ்வளவு பாடுபட வேண்டிய தேவையே இல்லை. செம்பனைத் தோட்டத்தில் உளுத்துக் கிடக்கும் மரத்தைப் புரட்டினால் அதே கருப்பு, அதே பளபளப்பு, அதே தடித்த இடுக்கியோடு ஒன்று உட்கார்ந்திருக்கும். அவை ஹெட்டரோமெட்ரஸ் பேரினத்தைச் சேர்ந்த காட்டுத் தேள்கள். பிடித்துப் பெட்டியில் போட்டு ‘எம்பரர்’ என்று எழுதிவிட்டால் விலை கூடிவிடும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஈரமான தேங்காய் நார்த்தூள் ஆழமாகப் போட்டு, ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை வைத்து, வாரம் ஒருமுறை சில்வண்டு கொடுத்தால் இரண்டும் நலமாக இருக்கும். ஆகவே உயிரைக் காப்பாற்றுவதற்காக இந்த ஆராய்ச்சி என்று நான் பீற்றிக்கொள்ளப் போவதில்லை. பெட்டியில் தப்பான பெயர் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். நாளைக்கு யாராவது ஜோடி சேர்க்கக் கேட்டால், பெயர் தெரியாமல் கொடுக்கவும் கூடாது.

முதலில் குடும்பம்

இனம் எது என்று பார்ப்பதற்கு முன்னால் குடும்பம் எது என்று பார்க்க வேண்டும். இந்த வரிசையை யாரும் மாற்றாதீர்கள். உலகில் 2,500க்கும் மேற்பட்ட தேள் இனங்கள் இருக்கின்றன. மனித உயிரை எடுக்கக்கூடியவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே புத்திடே என்ற ஒரே குடும்பத்துக்குள் வந்துவிடும். பெட்டிக்குள் இருப்பது அந்தக் குடும்பமா இல்லையா என்பதுதான் பாதுகாப்புக் கேள்வி. மற்றதெல்லாம் ஆர்வக் கேள்வி.

இடுக்கி தடித்து வால் மெலிந்திருந்தால் சாது, இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் கொடியது என்று ஒரு பழைய கணக்கு உண்டு. மோசமான கணக்கு இல்லை, ஆனால் முழுக் கணக்கும் இல்லை. ஈரானில் ஹெமிஸ்கார்பியஸ் லெப்டுரஸ் என்று ஒன்று இருக்கிறது. புத்திடே குடும்பமே இல்லை, ஆனாலும் ஆளைக் கொல்லும். அதனால் உருவத்தோடு நிறுத்தாமல் வயிற்றுப் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். கால்களின் அடிப்பகுதிகள் கூடும் இடத்தில், நடுமார்பில் ஒரு சின்னத் தகடு இருக்கும். புத்திடேயில் பெரும்பாலும் அது முக்கோணமாகக் குறுகியிருக்கும். ஸ்கார்பியானிடே குடும்பத்தில் ஐங்கோணமாக, நன்றாக அகன்று இருக்கும்.

என் கையில் இருந்தது சந்தேகத்துக்கு இடமில்லாத ஐங்கோணம். எம்பரரும் காட்டுத் தேளும் ஒரே ஸ்கார்பியானிடே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆக இந்தப் படியில் புத்திடே ஆபத்து இல்லை என்று தெரிந்தது, ஆள் யார் என்று தெரியவில்லை. ஆபத்து இல்லை என்றால் கையில் தூக்கி விளையாடலாம் என்று அர்த்தம் இல்லை. கொட்டினால் நன்றாகவே வலிக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எந்தத் தேளும் ஆபத்துதான். கொட்டு வாங்கி மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ பெயர் தேடிக்கொண்டு உட்காராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வீட்டுச் சுவரிலும் விறகுக் கட்டிலும் வரும் சின்னச் செந்தேள், ஹொட்டன்டோட்டா டாமுலஸ், புத்திடே குடும்பம். மெலிந்த இடுக்கி, பழுப்புச் சிவப்பு. குழந்தைகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையை இந்தத் தேள்கடிக்குப் பயன்படுத்திச் சாவுகளைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. செந்தேளைப் பெட்டியில் வைத்து வளர்க்க ஆசைப்படுபவர்கள் அந்த ஆசையைக் கைவிடுவது நல்லது.

நிறத்தை நம்புவதற்கில்லை

படத்தை அனுப்பி ‘இது என்ன தேள்’ என்று கேட்பவர்கள் எல்லாரும் முதுகுப் பக்கத்தைத்தான் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கருப்பாக ஒரு தேள், அவ்வளவுதான் தெரியும். கருப்பு எதையும் சொல்லாது. ஒரே தேள் வெளிச்சத்துக்கு ஏற்பப் பச்சை அடித்த கருப்பாகவும் நீலம் அடித்த கருப்பாகவும் தெரியும். சட்டை உரிக்கப் போகும் தேள் மங்கிப்போயிருக்கும், உரித்து முடித்தது பளபளக்கும். வால் நுனிக் குமிழ் செம்பழுப்பாக இருந்தால் எம்பரர் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். காட்டுத் தேளிலும் குமிழ் செம்பழுப்பாக வருவதுண்டு. அதையும் ஓரமாக வைத்துவிடலாம்.

புற ஊதா விளக்கும் அப்படித்தான். இருட்டில் அடித்தால் தேள் பச்சை நீலமாக ஒளிரும், பார்க்கக் கொள்ளை அழகு. ஓட்டில் இருக்கும் பீட்டா கார்போலின் போன்ற வேதிப்பொருள்கள்தான் காரணம். ஆனால் கிட்டத்தட்ட எல்லாத் தேளும் ஒளிரும், அதனால் ஒளிர்வதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. அந்த விளக்கு எனக்கு வேறு ஒரு வேலைக்கு உதவியது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதுகுப் பக்கத்தில் உருப்படியாகப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இடுக்கியின் மேற்பரப்பு. எம்பரரின் இடுக்கி கரடுமுரடு. உருண்டை உருண்டையான மணிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், நடுவே செம்பழுப்பு மயிர்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். இங்குள்ள காட்டுத் தேள்களின் இடுக்கி வழவழவென்று மினுங்கும். என்னிடம் இருந்ததைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சத்தை நேராக அடித்தால் மேடு பள்ளம் தெரியாது, தாழ்வாகச் சாய்த்து அடித்தால்தான் மணிகள் நிழல் விழுந்து காட்டிக் கொடுக்கும். விரல்கள் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தது. மற்றபடி புறங்கை முழுக்க வழவழப்பு.

இதிலேயே முக்கால்வாசி விடை கிடைத்துவிட்டது. ஆனால் ‘வழவழப்பு’ என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. எண்ணிப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

வயிற்றைப் படம் எடுப்பது

உயிருள்ள தேளைத் திருப்பிப் போட்டுப் பார்க்க முயல வேண்டாம். அதற்கும் உங்களுக்கும் அது நல்லதல்ல. நான் செய்தது இது. பலகாரம் அடைத்து விற்கும் கனத்த ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதன் உள்ளளவுக்கு வெட்டிய பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சு ஒன்று. கையில் பிடிக்கும் நீளமான இடுக்கிக் கருவியின் முனைகளில் மெத்தென்ற நுரைத் துண்டைச் சுற்றி, தேளின் வாலை நடுவில் பிடித்து டப்பாவுக்குள் இறக்கினேன். அது அடங்கியதும் மேலிருந்து ஸ்பாஞ்சை மெதுவாக இறக்கினேன், தேள் அடித்தட்டோடு ஒட்டிப் படியும் அளவுக்கு மட்டும். அழுத்தக் கூடாது. பிறகு டப்பாவை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலம்போல் வைத்து, கைப்பேசியில் மேக்ரோ லென்ஸ் மாட்டிக் கீழிருந்து படம்.

முன்கூட்டியே டப்பாவின் அடியில் ஒரு அடிக்கோல் துண்டை ஒட்டி வையுங்கள். அளவு இல்லாத படம் பின்னால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. டப்பா புதியதாக இருப்பதும் முக்கியம். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியே எடுத்தால், நீங்கள் எண்ண வேண்டிய பற்களும் கீறல்களும் கலந்துபோகும்.

வயிற்றில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நான் சொன்ன மார்புத் தகடு. அதற்குப் பின்னால் இரு பக்கமும் விரிந்திருக்கும் சீப்பு உறுப்புகள் இரண்டாவது. தேள் நடக்கும்போது தரையைத் தடவித் தடவி வாசனையும் தடமும் அறிவது இவற்றால்தான். சீப்பின் பற்களை எண்ணினேன். பக்கத்துக்குப் பதினேழு. இந்த எண் இனத்தைச் சொல்லும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சில பேரினங்களில் சொல்லும். இங்கே சொல்லாது, எம்பரரிலும் காட்டுத் தேளிலும் இந்த எண்ணிக்கை ஒன்றன்மேல் ஒன்று விழும்.

ஆனால் சீப்பு வேறொன்றைச் சொன்னது. பற்கள் நீண்டு, சீப்பே பெரிதாக இருந்தது. இரண்டு சீப்புக்கும் நடுவே இருக்கும் இனப்பெருக்க மூடி, பெண்ணில் இதய வடிவத்துக்குப் பக்கமாக வரும், இதில் அப்படி இல்லாமல் முட்டை வடிவத்தில் இருந்தது. ஆண். இந்தத் தகவல் அப்போது சும்மா ஒரு கூடுதல் குறிப்பாகத்தான் தோன்றியது. கடைசியில் மொத்த வழக்கும் இதன் மேல்தான் தீர்ந்தது.

சட்டை கிடைத்தது

எண்ணக்கூடிய அடையாளம் உணர்மயிர்களில் இருக்கிறது. தேளின் கைகளில் சாதாரண மயிர்களோடு கலந்து, மிக மெல்லிய ஒரு வகை மயிர் இருக்கும். ட்ரைக்கோபோத்ரியா என்பார்கள். ஒவ்வொன்றும் கிண்ணம் போன்ற ஒரு குழியிலிருந்து செங்குத்தாக நிற்கும். காற்றின் அசைவை உணர்வது இவற்றின் வேலை. ஒரு ஸ்ட்ரா வழியாக மெல்ல ஊதிப் பாருங்கள், தடித்த செம்மயிர்கள் அப்படியே நிற்கும், இவை மட்டும் நடுங்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு எப்போதும் குழப்பமே வராது.

இவை இஷ்டத்துக்கு முளைப்பதில்லை. எந்தத் துண்டில், எந்தப் பக்கத்தில், எத்தனை என்பது பேரினத்துக்குப் பேரினம் வரையறுத்தது. பிரெஞ்சு ஆய்வாளர் மாக்ஸ் வஷோன் 1970களில் இந்த அமைப்பை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்தார். நம் தேள்கள் சி வகை. அதன் அடிப்படைக் கணக்கு ஒரு கைக்கு 48. மேல்துண்டில் 3, அடுத்து வரும் பட்டெல்லா என்ற துண்டில் 19, இடுக்கியில் 26. காட்டுத் தேள் இந்தக் கணக்கை அப்படியே வைத்திருக்கிறது. பாண்டினஸோ கூடுதலாக முளைக்கவிட்ட பேரினம். பட்டெல்லாவின் அடிப்பக்கத்தில் மட்டும் காட்டுத் தேளுக்கு மூன்று, எம்பரருக்குப் பத்துக்கும் மேல் வரிசையாக. மூன்றா, வரிசையா? இவ்வளவு தெளிவான அடையாளம் வேறு எதிலும் கிடைக்காது.

உயிருள்ள தேளின் கையில் இதை எண்ணுவது பாடு. அது ஒரு நொடி சும்மா இருக்காது. அப்போதுதான் அதிர்ஷ்டம். இரை எடுப்பதை நிறுத்தி, மங்கிப்போய், மரப்பட்டைக்கு அடியில் பள்ளம் தோண்டிக்கொண்டது. தொந்தரவு செய்யாமல் ஈரப்பதத்தை மட்டும் பார்த்துக்கொண்டேன். ஒரு காலையில் பார்த்தால் வெளுத்த பால்நிறத்தில் தேள் ஒரு பக்கம், அதன் சட்டை மறுபக்கம். தலைப்பக்க ஓட்டின் முன் விளிம்பு பிளந்து, அந்த வழியாக மொத்த உடம்பையும், இடுக்கி நுனி வரை, உருவி எடுத்திருந்தது. அன்று இரவு புற ஊதா விளக்கை அடித்தபோது பழைய சட்டை ஒளிர்ந்தது, புதுத் தேள் கிட்டத்தட்ட இருட்டாகவே இருந்தது. ஓடு இறுக இறுகத்தான் ஒளிர்வு வரும். அந்த நிலையில் அதைத் தொடவே கூடாது, சில்வண்டுகூட உள்ளே போடக் கூடாது. மென்மையான உடம்பை சில்வண்டு கடித்துவிடும்.

தேள் வளர்ப்பவர்கள் பலர் சட்டையைத் தூக்கிக் குப்பையில் போடுகிறார்கள். பெயர் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் புதையல். கொட்டாத, ஓடாத, எல்லா மயிரும் எல்லாப் பல்லும் இடத்தில் இருக்கிற முழுத் தேள் அது.

காய்ந்த சட்டை தொட்டால் நொறுங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரச் சோப்புத் திரவம் ஒரு துளி விட்டு ஊறவைத்தேன். இளகியதும் நனைந்த டிஷ்யூ மேல் எடுத்து, மெல்லிய தூரிகையால் கைகளை விரித்து, பொலிஸ்டிரின் பலகையில் ஊசிகளைப் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்து நிறுத்திக் காயவைத்தேன். ஊசியைச் சட்டைக்குள் குத்த வேண்டாம், கிழியும். வலது கையை மட்டும் மூட்டோடு தனியாக எடுத்து, அடிப்பக்கம் மேலே தெரியும்படி வைத்தேன்.

இங்கேதான் புற ஊதா விளக்கு வேலைக்கு வந்தது. வெள்ளை வெளிச்சத்தில் சட்டை மஞ்சள் கண்ணாடித்தாள் மாதிரி, எல்லாம் எல்லாவற்றோடும் கலந்து தெரியும். புற ஊதாவில் ஓடு ஒளிர, குழிகள் வளையம் வளையமாகத் தனித்து நிற்கும். அருங்காட்சியக ஆய்வாளர்களே மேற்பரப்பைப் படம் எடுக்க இந்த உத்தியைக் கையாள்கிறார்கள். டார்ச் வாங்கும்போது 395 நானோமீட்டர் என்று போட்ட மலிவு டார்ச்சைத் தவிர்த்து 365 வாங்குங்கள். முந்தையது ஊதா வெளிச்சத்தைக் கொட்டிப் படத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே 395 தான் இருக்கிறது என்றால், லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் செலோபேன் தாள் ஒரு துண்டு வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

யு.எஸ்.பி. நுண்ணோக்கியில் பட்டெல்லாவின் அடிப்பக்கம் திரையில் விரிந்தது. வளையம் ஒன்று மூட்டுக்குப் பக்கத்தில். இன்னொன்று நடுவே. மூன்றாவது இடுக்கி ஓரத்தில். அவ்வளவுதான். இடது கையையும் எடுத்துப் பார்த்தேன், அதே மூன்று. வரிசை கிடையாது.

பாண்டினஸ் இல்லை. ஹெட்டரோமெட்ரஸ்.

எந்த ஹெட்டரோமெட்ரஸ்?

இதுவரை நேர்க்கோட்டில் போன வேலை இங்கே கிளை பிரிந்தது. மலேசியத் தீபகற்பத்தில் இந்தப் பேரினத்தில் முக்கியமாக இரண்டு பெயர்கள். ஹெட்டரோமெட்ரஸ் லாங்கிமானஸ், 1800இல் ஹெர்ப்ஸ்ட் விவரித்தது. ஹெட்டரோமெட்ரஸ் ஸ்பினிஃபர், 1828இல் எரன்பெர்க் விவரித்தது. இரண்டும் பெரியவை, இரண்டும் கருப்பு. வியாபாரிகள் எல்லாவற்றையும் ஸ்பினிஃபர் என்றுதான் விற்பார்கள்.

பெண்கள் ஒன்றுபோலவே இருக்கும், தலைவலிதான். ஆணாக இருந்தால் வழி இருக்கிறது. லாங்கிமானஸ் ஆண் பருவம் எய்தினால் கைகள் நீளும், இடுக்கி ஒடுங்கி நீண்டு, பெண்ணோடு பக்கத்தில் வைத்தால் வேறு இனமோ என்று தோன்றும் அளவுக்கு மாறிவிடும். ஸ்பினிஃபரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடுக்கியில் அப்படி வித்தியாசம் வராது, இரண்டுக்கும் அகன்ற, தோள் புடைத்த இடுக்கிதான்.

ஆக, என்னுடையது ஆண், இடுக்கி அகலம், எனவே ஸ்பினிஃபர் என்று முடித்துவிடலாமா? கூடாது. லாங்கிமானஸ் ஆணுக்கும் சிறு வயதில் இடுக்கி அகலமாகத்தான் இருக்கும். கை நீள்வது வளர்ந்து முடியும்போதுதான். கேள்வி இப்போது ‘என்ன இனம்’ என்பதிலிருந்து ‘வளர்ந்து முடித்ததா’ என்பதற்கு மாறிவிட்டது. அதனால்தான் இந்தச் சட்டை உரிப்பு இன்னொரு விதத்திலும் முக்கியமானது. பழைய சட்டையின் கையையும், ஓடு இறுகிய பிறகு டப்பாவில் வைத்து எடுத்த புதுக் கையையும் ஒப்பிட முடிந்தது.

அடிக்கோல் தெரியும் இரண்டு படங்களையும் கணினியில் போட்டு, இடுக்கியின் நீளத்தை அதன் அகலத்தால் வகுத்தேன். வெறும் மில்லிமீட்டரை ஒப்பிட்டால் தேள் வளர்ந்ததுதான் தெரியும், விகிதத்தை ஒப்பிட்டால்தான் வடிவம் மாறியதா என்று தெரியும். சட்டையில் நீளம் அகலத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புதுக் கையிலும் அதேதான். தேள் பெரிதாகியிருந்தது, கை ஒடுங்கவில்லை.

வளர்ந்து முடித்ததற்குச் சான்று வேண்டும். வால் நுனி வரை நீட்டி அளந்தால் பதினொரு சென்டிமீட்டருக்குப் பக்கம், வளர்ந்த ஸ்பினிஃபரின் அளவுக்குள் சரியாக உட்காருகிறது. நடத்தையும் மாறியது. முன்பெல்லாம் மரப்பட்டைக்கு அடியில் இருந்து இடுக்கியை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது, இப்போது இரவெல்லாம் பெட்டிச் சுவரோரம் சுற்றிச் சுற்றி நடக்கிறது. பருவம் வந்த ஆண் தேள் துணை தேடி அலையும். இரண்டையும் சேர்த்துத்தான் ‘வளர்ந்த ஆண்’ என்று குறித்தேன்.

இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அகன்ற வழவழப்பான இடுக்கி கொண்ட காட்டுத் தேள்கள் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் பக்கமும் உண்டு. ஹெட்டரோமெட்ரஸ் சைலனஸ் அப்படி ஒன்று, செல்லப்பிராணிச் சந்தையில் அது ஏராளம். சட்டையை வைத்துக்கொண்டு வீட்டு மேசையில் அதையும் ஸ்பினிஃபரையும் பிரித்துச் சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை. இதற்கு ஊர் தெரிய வேண்டும். பிடித்த இடம்தான் தேளின் ஆகப் பெரிய அடையாளம் என்று நான் சொல்வேன், வாங்குபவர்கள் கேட்காத ஒரே கேள்வியும் அதுதான்.

தம்பிக்குச் செய்தி போட்டேன். அவன் விற்றவரைப் பிடித்துக் கேட்டான். ஆப்பிரிக்காக் கதை முதலில் கொஞ்ச நேரம் ஓடியது. உணர்மயிர்ப் படத்தை அனுப்பியதும் கதை நின்றது. பகாங்கில், ரவூப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் பிடித்துக் கொடுத்தது என்று ஒப்புக்கொண்டார். வாய்மொழிதான், அரை மதிப்பெண் கொடுக்கலாம். ஆனாலும் ரவூப் என்றால் சைலனஸ் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது.

பெயர்களும் மாறுகின்றன

தேடுபவர்கள் குழம்பாமல் இருக்க ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹெட்டரோமெட்ரஸ் என்ற பெயரின் எல்லை அண்மையில் சுருங்கிவிட்டது. 1981இல் கவ்ஸைன், 2004இல் செக் நாட்டு கோவாஜிக் ஆகியோர் எழுதிய மதிப்பாய்வுகளில் இந்தியா, இலங்கை முதல் பிலிப்பைன்ஸ் வரை எல்லாக் காட்டுத் தேள்களும் இந்த ஒரே பேரினத்துக்குள் இருந்தன. 2020இல் லொரென்சோ பிரெண்டினியும் ஸ்டெபனி லோரியாவும் அதைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கும் பெரிய கருந்தேள், உலகின் மிகப் பெரிய தேள்களில் ஒன்று, இப்போது ஜைகான்டோமெட்ரஸ் ஸ்வாமர்டாமி. தென்னிந்தியக் கருந்தேள்கள் சில சஹ்யாத்ரிமெட்ரஸ், டெக்கனோமெட்ரஸ் என்ற புதுப் பெயர்களுக்குப் போய்விட்டன. இலங்கைக்கு ஸ்ரீலங்காமெட்ரஸ் உண்டு. எங்கள் ஸ்பினிஃபரும் லாங்கிமானஸும் பழைய பெயரிலேயே தங்கிவிட்டன. சைலனஸும் அப்படியே. சந்தையில் லாவோட்டிகஸ் என்று ஓடிக்கொண்டிருந்த பெயரை அந்த ஆய்வு சைலனஸுக்குள் சேர்த்துவிட்டது. ஆகவே 2020க்கு முன் எழுதிய எந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தாலும் பெயரை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இப்போது ஒட்டியிருப்பது: ‘ஹெட்டரோமெட்ரஸ் சி.எஃப். ஸ்பினிஃபர், ஆண், வளர்ந்தது, ரவூப் (கேள்வி)’. நடுவில் இருக்கும் சி.எஃப். என்பது ஒப்பிட்டுப் பார்த்ததில் இதற்கு மிக நெருக்கம், முத்திரை குத்தவில்லை என்பதைக் காட்ட ஆய்வாளர்கள் போடும் குறி. வளர்ப்பவர்களும் இதைப் போட வெட்கப்பட வேண்டியதில்லை. சட்டையைச் சிலிகா பாக்கெட் ஒன்றோடு சின்ன டப்பாவில் போட்டு, அதே குறிப்பை பென்சிலால் எழுதி உள்ளேயே வைத்திருக்கிறேன். மை மங்கும், பென்சில் மங்காது.

இதையெல்லாம் கேள்விப்பட்டு, தெலுக் இந்தானில் இருக்கும் நண்பர் ஒருவர் தோட்டத்தில் பிடித்த தன் தேளின் படங்களை அனுப்பினார். பட்டெல்லாவில் மூன்று மயிர், சரி. ஊர் துல்லியமாகத் தெரியும், அதுவும் சரி. ஆனால் பெண். பெயர் கேட்டு நெருக்குகிறார். வயிறு உப்பி, ஓட்டுத் தகடுகளுக்கு நடுவே வெண்தோல் தெரிகிறது. சினையாக இருக்க வாய்ப்புண்டு. தேள் முட்டையிடாது, குட்டி போட்டு முதுகில் சுமக்கும். குட்டிகள் முதல் சட்டையை உரித்து, முதுகை விட்டு இறங்கியதும் தனித்தனி டப்பாவுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஆண் குட்டி ஒன்று பிழைத்து வளர்ந்து முடித்தால் அதன் கை நீளும், அல்லது நீளாது. அதுவரை அவர் பெட்டியில் ‘ஹெட்டரோமெட்ரஸ், பெண், தெலுக் இந்தான்’ என்று மட்டும் எழுதினால் போதும்.